மணியை அவனே அடிக்கட்டும்

மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், அதுதான் மணி. அதைச் சுத்தியலால் தட்டினால் போதும், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அடம் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். ஆட்டிசம் என்று தெரிந்த பிறகும், சிறப்பாசிரியராகப் போன நானே அவன் அம்மாவிடம் "போகப் போகப் பழகிடும்மா" என்றுதான் சொன்னேன். அது தப்பு. அந்தப் பழகுதல்தான் அவனுக்குச் சுலபத்தில் நடக்காத விஷயம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

நீங்கள் இருக்கும் அறையில் ஃபேன் ஓடினால், இந்த வரியைப் படிக்கும்வரை அந்தச் சத்தம் உங்கள் கவனத்திலேயே இருந்திருக்காது. காதுக்குள் என்னவோ அது போய்க்கொண்டேதான் இருக்கிறது, உள்காதில் இருக்கும் மயிர்செல்கள் அதை நரம்புத் துடிப்பாக மாற்றி அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் அடுத்து என்ன வரும் என்று மூளை எந்நேரமும் கணித்துக்கொண்டிருக்கும். கணித்தபடியே வரும் சத்தத்துக்கு அது காட்டும் பதில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இந்த அடங்குதல் மெதுவாக நடக்கிறது. முதல் பீரியடில் கேட்ட ஃபேன் கடகடப்பு நாலாவது பீரியடிலும் புதுச் சத்தம் மாதிரியே கேட்கும். எல்லாருக்கும் இப்படி என்றும் இல்லை, சத்தத்தைத் தேடிப் போகிற பிள்ளைகளும் உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளைகளும் உண்டு.

இதோடு வகுப்பறையும் சேர்ந்துகொள்கிறது. திருமலை நாயக்கர் மகாலில் குவிமாடத்துக்குக் கீழே நின்று யாராவது கை தட்டினால் அந்தச் சத்தம் உடனே ஓயாது, சுற்றிச் சுற்றி வரும். சிமெண்ட் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்று இருக்கும் நம் வகுப்பறைகளிலும் சின்ன அளவில் இதுதான் நடக்கிறது. வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 நொடிக்குள் ஓய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். பஸ் ரோட்டை ஒட்டிய பள்ளியில் இதை நினைத்துப் பாருங்கள்.

தமிழில் சொல்வதெழுதுதல் இங்கேதான் அடிபடுகிறது. பேச்சில் உயிரோசைகள் நீளம், சத்தமும் அதிகம். மெய்யோசைகள் ஒரு நொடியில் சின்னத் துணுக்குதான். டீச்சர் "மணம்" என்று சொல்லும்போது, "ம"வின் உயிரோசை சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த "ண"வின் மேல் விழுகிறது. பையன் "மனம்" என்று எழுதுகிறான். அரம், அறம் கதையும் அதுதான். சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் எந்தப் பிள்ளைக்குமே பதின்ம வயதுவரை வளர்ந்துகொண்டுதான் இருக்கும், அதனால் அறையைச் சரிசெய்தால் வகுப்பு முழுக்கவே பயன் கிடைக்கும்.

பெரிய செலவெல்லாம் வேண்டாம். பேசுபவரிடமிருந்து தூரம் பாதியானால் நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் கூடும். நாலு மீட்டர் தள்ளி இருந்த பிள்ளையை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12. கடகடக்கிற ஃபேனுக்கும் ரோட்டுப் பக்க ஜன்னலுக்கும் தள்ளி இடம் கொடுங்கள். பெஞ்சுக் காலில் பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி மாட்டினால் கிரீச் சத்தம் நின்றுவிடும், பின்சுவரில் தடிமனான ஜமுக்காளம் ஒன்று தொங்கவிட்டால் எதிரொலி கொஞ்சம் குறையும். சொன்னதை போர்டிலும் எழுதுங்கள். காதுமூடியைத் திருவிழா, ஆண்டு விழா மாதிரி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், நாள் முழுக்க மாட்டிவிட்டால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டு, கழற்றும்போது பிள்ளைக்குச் சத்தம் இன்னும் அதிகமாக உறைக்கலாம். இதையெல்லாம் கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற ஏற்பாட்டைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

சரி, அந்த மணி. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, இல்லையா? கையை அசைக்கும்போதே, என்ன வரப்போகிறது என்ற தகவல் மூளைக்குள் முன்கூட்டியே போய்விடுவதுதான் காரணம். சத்தமும் அப்படித்தான், நாமே எழுப்பும் சத்தத்துக்கு மூளை காட்டும் பதில் குறைவு. அதனால் முதலில் மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனிடம் சொல்லி வைத்தோம். அப்புறம் தூரத்தில் நின்று சுத்தியல் ஓங்குவதைப் பார்த்தான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. இழுத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். ஒரு நாள் அவனே வந்து கையை நீட்டினான்.

இப்போது சாயங்கால மணி அவனுடையது. மெதுவாகத்தான் தட்டுவான். கேட்கவில்லை என்று ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் ஜன்னல் வழியாகச் சொன்னால், இன்னொரு தட்டு.