புகாராகவே வராத கொடுமையை எண்ணுவது எப்படி?

2019இல் அமெரிக்காவில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக அதிகாரபூர்வமாக உறுதியான குழந்தைகள் சுமார் 6,56,000 பேர். 2020இல் அந்த எண்ணிக்கை சுமார் 6,18,000 ஆகக் குறைந்தது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அது கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த ஆண்டு. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்களுக்கு அங்கே அதிகம் தகவல் சொல்பவர்கள் பள்ளி ஊழியர்கள். 2019இல் வந்த தகவல்களில் சுமார் 21 சதவீதம் அவர்கள் கொடுத்தவை. அடுத்த ஆண்டில் அது 17 ஆக இறங்கியது. அடி குறைந்ததா, அதைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதா? அலுவலகப் பதிவேட்டை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்தப் பதிவேட்டில் ஒரு குழந்தை ஏறுவதற்குள் பல படிகள் இருக்கின்றன. முதலில் யாராவது போன் செய்ய வேண்டும். அப்புறம் அலுவலகம் அதை விசாரணைக்கு ஏற்க வேண்டும். வரும் தகவல்களில் ஏறக்குறைய பாதி இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஏற்ற பிறகு வீட்டுக்குப் போய் விசாரித்து, ஆதாரம் போதும் என்று முடிவாக வேண்டும். எது கொடுமை என்ற வரையறையே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மருத்துவர்களுக்கே இது கண்ணில் படப் பல காலம் ஆனது. 1946இல் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி, மூளைக்கு மேல் இரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரேக்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். எப்படி முறிந்தன என்பதற்கு விளக்கமே கிடைக்கவில்லை. குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் 71 மருத்துவமனைகளில் விசாரித்து 1962இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர்களாலேயே அடிக்கப்பட்டு ஒரே ஆண்டில் 302 குழந்தைகள் வந்திருந்தது தெரிந்தது. அவர்களில் 33 பேர் இறந்துபோனார்கள். ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் தகவல் தெரிவிப்பதற்கான சட்டங்கள் வந்தன. 1974இல் தேசியச் சட்டமும் வந்தது. நாட்டில் உண்மையில் எத்தனை குழந்தைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஆய்வு செய்யச் சொன்னதும் அந்தச் சட்டம்தான்.

அப்படிப் பிறந்த தேசிய ஆய்வு நான்கு சுற்றுகள் நடந்திருக்கிறது. 2005-06இல் நடந்த நான்காவது சுற்றுக்காக 122 கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பகுதிகள்) மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த பாதுகாப்பு அலுவலகங்களின் வழக்குகளைத் திரட்டியதோடு நிற்கவில்லை. பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் வேலை செய்யும் 10,791 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட மூன்று மாதங்களில் வேலையினூடே கண்ணில் பட்ட ஒவ்வொரு பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஒரு சிறுமியின் கையில் இருக்கும் காயத்தை ஆசிரியை பார்க்கிறார். அதே வாரம் மருத்துவமனையில் ஒரு செவிலியரும் பார்க்கிறார். வீட்டுச் சண்டையை விலக்கப் போன போலீஸ்காரரும் ஒரு படிவம் எழுதுகிறார். படிவங்கள் மூன்று, குழந்தை ஒன்று. அதனால் முதல் பெயர், குடும்பப் பெயரின் முதலெழுத்து, வயது, பாலினம் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரே குழந்தையைப் பற்றிய படிவங்களை ஒன்றாக்குகிறார்கள். பிறகு நாடு முழுக்க ஒரே வரையறையை வைத்து ஒவ்வொரு படிவத்தையும் எடைபோடுகிறார்கள். கடைசியில் மூன்று மாதக் கணக்கை ஓராண்டுக்கும், மாதிரிக் கவுண்டிகளின் கணக்கை நாட்டுக்கும் விரிக்கிறார்கள். முழுப் பெயர் கேட்காமலேயே இதைச் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கிடைத்த விடை கனமானது. கண்கூடான பாதிப்பு இருந்தவர்களை மட்டும் எண்ணினாலே ஓராண்டில் சுமார் 12.5 லட்சம் குழந்தைகள்; அதாவது 58 பேரில் ஒருவர். இவர்களில் 32 சதவீதம் பேரைப் பற்றித்தான் பாதுகாப்பு அலுவலகம் விசாரித்திருந்தது. மற்றவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் விசாரணைக்கு ஏற்கப்படவில்லை. ஆறுதல் தரும் ஒரு எண்ணும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகள் 1993இல் 2,17,700 பேர். இந்தச் சுற்றில் 1,35,300. அலுவலகப் பதிவேடும் இதே இறக்கத்தைத் தனியாகக் காட்டியதால் இதை ஓரளவு நம்பலாம்.

இந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கே போகாத இரண்டு வயதுக் குழந்தையை எந்த ஆசிரியை பார்ப்பார்? யாருமே பார்க்காத கொடுமைக்குப் பாதிக்கப்பட்டவரிடமே கேட்பதுதான் வழி. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கில், பாலியல் கொடுமை பற்றி நேரடியாகக் கேட்டபோது 1000 பேரில் 127 பேர் ஆமென்றார்கள். மற்றவர்கள் தரும் தகவலில் அது 1000க்கு 4 மட்டுமே. இந்திய அரசின் 2007 ஆய்வும் குழந்தைகளிடமே கேட்டது: 13 மாநிலங்களில் 12,447 பேர். பாலியல் கொடுமையின் ஏதோ ஒரு வடிவத்தைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம்.

எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. விசாரணைக்கு வந்த குழந்தைகள் பிறகு எப்படி வளர்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இதற்காக அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய இன்னொரு தேசிய ஆய்வு, அப்படிப்பட்ட சுமார் 5,500 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 'ஆதாரம் உண்டு' என்று முடிவான குழந்தைக்கும் 'ஆதாரம் போதாது' என்று கோப்பு மூடப்பட்ட குழந்தைக்கும் வளர்ச்சியிலும் நடத்தையிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே இத்தகைய ஆய்வுகள் காட்டின. அப்படியிருந்தும் உதவி கிடைப்பது பெரும்பாலும் அந்த முத்திரையைப் பொறுத்தே இருக்கிறது. மூடப்பட்ட கோப்பில் இருக்கும் குழந்தைக்கும் பேச்சுப் பயிற்சியோ மனநல உதவியோ தேவையா என்று விசாரிக்கப் போன அதே ஊழியர் அன்றைக்கே பார்த்து எழுதிவிடலாம். சட்டம் எதையும் மாற்றாமலே இதைச் செய்ய முடியும் என்றே நான் நினைக்கிறேன்.