கண்வில்லைக்குள் புரளும் அமிலம்

உடற்பயிற்சிக் கூடங்களில் பரிந்துரைக்கப்படும் டி-ஆஸ்பார்ட்டிக் அமில மாத்திரையில் வைட்டமின் டி இருக்கிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அந்த டி வேறு, இந்த டி வேறு. இது வலம்புரி என்பதற்கான எழுத்து.

ஆஸ்பார்ட்டிக் அமிலம் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியில் ஒரு கண்ணி. கிளைசின் என்ற ஒன்றைத் தவிர, நம் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல: அளவு ஒன்று, தோல் ஒன்று, ஆனால் மாற்றிப் போட முடியாது. நம் செல்கள் புரதம் கோக்கும்போது இடம்புரியை, அதாவது எல் வடிவத்தை மட்டுமே எடுக்கின்றன. வலம்புரி பாக்டீரியாவின் செல்சுவருக்குத்தான் உரியது என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் 1935இலேயே, வலம்புரிகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை விலங்குகளின் சிறுநீரகத்தில் உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுவிட்டார். இல்லாத குப்பைக்கு எதற்குத் துப்புரவாளர்? 1990களின் தொடக்கத்தில் மூளையில் டி-செரின், அதாவது செரின் என்ற அமினோ அமிலத்தின் வலம்புரி வடிவம், தாராளமாகக் கிடைத்த பிறகுதான் அந்த நொதிக்கு மரியாதை வந்தது. நரம்பு செல்களின் மேல் உள்ள, கற்றலிலும் நினைவிலும் பங்குள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற புரதக் கதவு, குளுட்டமேட் என்ற நரம்புச் செய்தி மூலக்கூறு மட்டும் வந்தால் திறக்காது. டி-செரினோ கிளைசினோ கூடவே வந்து அமர வேண்டும்.

அந்த டி-செரினை உடல் நொதி வைத்துத் தயாரிக்கிறது. யாரும் தயாரிக்காமல் தானாகவே புரண்டுகொள்ளும் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தின் கதைதான் எனக்கு அதைவிடப் பிடித்தது.

கண்வில்லையின் நடுப்பகுதிச் செல்கள் நாம் கருவில் இருந்தபோதே உருவானவை. ஒளிக்கு வழிவிடுவதற்காக உட்கருவையே துறந்தவை. எனவே அங்குள்ள கிரிஸ்டலின் புரதத்துக்கு மாற்று வருவதில்லை. அறுபது வயதிலும் அதே பழைய சரக்குதான். அத்தனை ஆண்டுகள் சும்மா இருக்கும் புரதத்தில், ஆஸ்பார்ட்டிக் அமிலத்தின் பக்கக்கிளை மெல்ல வளைந்து, சங்கிலியில் அடுத்திருக்கும் நைட்ரஜனைத் தொட்டு, ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டு, ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாகிறது. வளையத்துக்குள் சிக்கிய மையக் கார்பன் தன் ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. ஹைட்ரஜன் கழன்றதும் அந்த இடம் தட்டையாகிவிடும். திரும்பி வரும் ஹைட்ரஜனுக்கு மேல்புறமும் ஒன்றுதான், கீழ்ப்புறமும் ஒன்றுதான். தவறிய புறத்தில் ஒட்டினால் இடம்புரி வலம்புரியாகிவிடுகிறது! பிறகு நீர் வந்து வளையத்தைத் திறக்கும்போது, அதுவும் தப்பான இடத்தில் திறக்கலாம். அப்போது சங்கிலியே கோணிக்கொள்கிறது. கோணிய கிரிஸ்டலின்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பதால், கண்புரை ஆய்வாளர்கள் இதை விடாமல் துரத்துகிறார்கள்.

இந்தப் புரளல் ஏறக்குறைய சீரான வேகத்தில் நடப்பதால் கடிகாரமாகவும் உதவுகிறது. மனிதப் பல்லில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 0.1 சதவீதம் புரள்கிறது. ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலங்களின் கண்வில்லையை இப்படி அளந்து, ஒன்றுக்கு 211 வயது என 1999இல் கணித்தார்கள். திமிங்கிலத்தின் கண்ணை அளக்க எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது.

வாசகரின் மாத்திரைக்கு வருகிறேன். அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்று சொல்லி விற்கிறார்கள். ஏற்கெனவே எடைப்பயிற்சி செய்துவந்த ஆண்களிடம் 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நாளொன்றுக்கு 3 கிராம் எடுத்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. 6 கிராம் எடுத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது.