வலி தோளிலா, இதயத்திலா?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்குகிறவர் என் பெரியப்பா. ஒரு விடியற்காலையில் வெங்காய மூட்டையை இறக்கிவைத்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. இரத்தத்தில் சி.கே. என்ற நொதி கூடியிருந்தது. ஆனால் அது கை, கால் தசைகளிலும் உள்ள நொதி. மூட்டை தூக்குகிறவருக்கு இதயம் நன்றாக இருந்தாலும் அது கூடும். இதயத்துக்கே உரிய புரதம் ஏதாவது இரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அப்படியொரு புரதம் எது என்று எப்படிக் கண்டறிவது? இதய செல்லிலும் தொடைத் தசை செல்லிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தான். எவற்றைப் படியெடுப்பது என்பதில்தான் திசுவுக்குத் திசு வேறுபாடு. அந்தப் படிகளே தூது ஆர்.என்.ஏ. இதயம், தொடைத் தசை, ஈரல் ஆகியவற்றின் துணுக்குகளில் எந்த மரபணுவுக்கு எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். 19ஆம் குரோமோசோமில் உள்ள டி.என்.என்.ஐ.3 மரபணுவின் படிகள் இதயத்தில் குவிந்துகிடக்கின்றன. மற்ற இரண்டிலும் அநேகமாக இல்லை. அது தரும் புரதம்தான் இதய ட்ரோபோனின் ஐ.

தசை சுருங்குவதைத் தாழ்ப்பாள்போல் கட்டுப்படுத்துவது ட்ரோபோனின். ஜப்பானின் செட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்தது. ஐ, டி, சி என்று அதற்கு மூன்று உறுப்புகள். சி நமக்கு உதவாது. மெதுவாகச் சுருங்கும் கால் தசைகளிலும் அதே சி இருக்கிறது.

புவிசார் குறியீடு பெற்ற எங்கள் இலவம்பாடி முள் கத்திரிக்காயைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடலாம். காம்பைத் தொட்டாலே முள் குத்தும். இதய ட்ரோபோனின் ஐ-க்கும் அப்படியொரு முள் உண்டு. அதன் முனையில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் ஏறக்குறைய 30 கூடுதல். கை, கால் தசைகளின் ட்ரோபோனினில் அவை கிடையாது. சோதனைக்கு அந்த முனையைப் பிடித்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் செல் உடைந்து புரதம் வெளியேறும்போது நொதிகள் ஓரங்களைக் கொறித்துவிடுகின்றன, முள் உதிர்ந்துபோகிறது. அதனால் பெரும்பாலும் எளிதில் சிதையாத நடுப்பகுதிக்குத்தான் எதிர்ப்பொருள்களை, அதாவது குறிப்பிட்ட இடத்தை இனம்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை, தேடினார்கள். அங்கேயும் அமினோ அமில வரிசை கைத்தசையினுடையதிலிருந்து மாறுபடும் இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பொருள்களில் ஒன்று புரதத்தைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று அதன்மேல் ஒட்டி, அளப்பதற்கான சமிக்ஞையைத் தரும். இந்தப் பொறுமையான தேடலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ட்ரோபோனின் டி-க்கான முதல் தலைமுறைச் சோதனை, கைத்தசையின் டி-யையும் இதயத்தினுடையதாக எடுத்துக்கொண்டு தடுமாறியது, பிறகுதான் திருத்தினார்கள்.

இதயத்தசை சிதைந்த பிறகும் இரத்தத்தில் ட்ரோபோனின் கூடச் சில மணி நேரம் ஆகும். நலமாக இருப்பவர்களிடமும் அது மிகச் சிறிதளவு உண்டு. அதனால்தான் ஒருமுறைக்கு இருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். பெரியப்பாவின் முதல் அளவு வரம்பை ஒட்டியே இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் பல மடங்கு ஏறியிருந்தது. “தோள்பட்டை வலிதானப்பா” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவரை, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஆஞ்சியோகிராமுக்கு அழைத்துப் போனார்கள்.