புரத ஆராய்ச்சிக்குக் காந்தக் கணக்கு எதற்கு?

கணினிசார் உயிரியல் ஆராய்ச்சிக்குப் போக உயிரியல் படிக்க வேண்டுமா, கணினி அறிவியலா என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். புரதங்களைக் கணினியில் ஆராய்ந்ததற்காக 2024-ல் மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் டேவிட் பேக்கர் உயிர்வேதியியல்காரர். டெமிஸ் ஹசாபிஸ் கணினி அறிவியல் படித்துவிட்டு மூளை ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஜான் ஜம்பர் இயற்பியலும் கணிதமும் படித்துக் கோட்பாட்டு வேதியியலுக்குப் போனவர். எந்தக் கதவு வழியாகவும் உள்ளே வரலாம். புள்ளியியலும் நிரல் எழுதவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முனைவர் பட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள், அப்புறம் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) என்று பாதை நீளும்.

இத்தனை துறைக்காரர்கள் எதற்கு? எனக்குப் பிடித்த ஓர் உதாரணம் சொல்கிறேன்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. மடங்கி ஒரு வடிவம் எடுத்தால்தான் வேலை செய்யும். ஒரே புரதம் ஆயிரக்கணக்கான உயிரினங்களில் சிறு சிறு மாற்றங்களோடு இருக்கிறது. ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓர் எழுத்தாகக் குறித்து, அந்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். 20-ஆம் இடத்தில் நேர்மின்சுமை, 90-ஆம் இடத்தில் எதிர்மின்சுமை என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியில் தூரம், மடங்கிய பிறகு பக்கத்துப் பக்கத்தில். ஈர்ப்பு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. திடீர் மாற்றத்தில் 20-ஆம் இடமும் எதிர்மின்சுமை ஆனால் இரண்டும் விலக்கும், புரதம் தளரும். 90-ஆம் இடமும் நேர்மின்சுமையாக மாறிய வம்சம் தப்பிக்கும். ஆக, இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறினால், அவை தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். புரதத்தைக் கண்ணால் பார்க்காமலே வெறும் எழுத்துகளிலிருந்து வடிவத்துக்குத் துப்பு!

ஆனால் ஒரு சிக்கல். அ, ஆ, இ என்று மூன்று இடங்கள். அ ஆவைத் தொடுகிறது, ஆ இயைத் தொடுகிறது என்றால், அ-வும் இ-யும் தொடாமலே சேர்ந்து மாறுவதுபோலத் தெரியும். இங்கேதான் இயற்பியல்காரர்கள் வந்தார்கள். காந்தத்தில் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவைத்தான் திருப்புகிறது. ஆனாலும் தூரத்து அணுக்கள்கூட ஒரே திசையில் நிற்கும். அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, யார் யாரை நேரடியாகத் திருப்புகிறார்கள் என்று பிரிக்கும் முறையை 2009 வாக்கில் புரதத்தின்மேல் செலுத்தினார்கள். போலி ஜோடிகள் பெருமளவு கழன்றன. ஜம்பரும் ஹசாபிஸும் உருவாக்கிய, புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டும் இதே அடுக்கிய வரிசைகளைத்தான் உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது.

அது பாடம் கற்றது, சோதனைகளில் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கியில். 1971-ல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். தரவைச் சரிபார்த்து ஒழுங்காக வைப்பவர்களுக்குப் பரிசும் இல்லை, பெயரும் இல்லை. செயற்கை நுண்ணறிவு என்றதும் பணப்பையைத் திறப்பவர்கள் இந்தப் பராமரிப்புக்கும் நிலையான நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. உறவுக்காரப் புரதங்களே கிடைக்காத புரதத்தில் அடுக்கிப் பார்க்க வரிசைகள் இருக்காது. அங்கே கணிப்பு தடுமாறுகிறது. புதிதாக ஆய்வில் சேர்பவர்களுக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது.