வழுக்கும் சாலையில் எந்த டிரைவ் மோடு?

ஓட்டுநர் பயிற்சிக்கு வருவோர், மழைக்காலம் நெருங்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி இது: "வண்டியில் நான்கைந்து மோடுகள் இருக்கின்றன, சாலை வழுக்கினால் எதைப் போடுவது?" மோடை மாற்றியவுடன் சாலையின் பிடிமானமே கூடிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருப்பதால், அதை முதலில் நீக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிமானம் என்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான விஷயம்; ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தப் பரப்பு தாங்கக்கூடிய விசையை மீறாமல் இன்ஜினின் ஆற்றலைச் சக்கரங்களுக்கு அனுப்புவது மட்டுமே டிரைவ் மோடின் வேலை.

ஈரமான தார்ச்சாலைக்கும் பனி படிந்த சாலைக்கும் உரியவை வெட், ரெயின், ஸ்நோ, ஸ்லிப்பரி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் மோடுகள். இவற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் இன்ஜின் நிதானமாகவே எழும். ஆட்டோமேட்டிக் கியர் முன்கூட்டியே மேல் கியருக்கு மாறும். சில வண்டிகள் இரண்டாம் கியரிலேயே புறப்படும். சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுழலத் தொடங்கியவுடனேயே, அதைக் கட்டுப்படுத்தும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தலையிடும். இப்படியொரு மோடு இல்லாத வண்டியில், எரிபொருளைச் சேமிப்பதற்கான ஈகோ (Eco) மோடு ஓரளவுக்குக் கைகொடுக்கும். அதுவும் ஆக்சிலரேட்டரின் துடிப்பைக் குறைப்பதுதான், ஆனால் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் போக்கை அது பொதுவாக மாற்றுவதில்லை. ஸ்போர்ட் மோடு இதற்கு நேர் எதிரானது. கீழ் கியரைப் பிடித்துவைத்து, சிறு அழுத்தத்துக்கும் பெரும் விசையைக் கொடுக்கும். சில வண்டிகளில், வண்டி சறுக்கித் திரும்பிவிடாமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். ஈரச் சாலையில் அதற்கு இடமே இல்லை.

அதிகம் குழப்பம் நேர்வது சேறு, மணல் மோடுகளில்தான். 'கடினமான தரைக்கான மோடு, ஆகவே மழைக்கும் பாதுகாப்பு' என்று கருதி, நெடுஞ்சாலையில் அவற்றைப் போட்டுக்கொண்டு செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சேற்றிலும் மணலிலும் வண்டி புதையாமல் நகர, சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும். அதனால் அந்த மோடுகள் சுழற்சியை வேண்டுமென்றே அனுமதிக்கின்றன. ஈரத் தார்ச்சாலையில் அதே சுழற்சி, வளைவில் வண்டியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடக் கூடியது.

எந்த மோடும் பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நான்கு சக்கர இயக்கமும் அப்படித்தான். எல்லா வண்டிகளிலும் பிரேக் ஏற்கெனவே நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் (டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானத்தின் அளவு) 0.7 அளவில் உள்ள உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின் சுமார் 20 மீட்டரில் நிற்கும். குணகம் 0.4 ஆகக் குறையும் ஈரச் சாலையில் அது 35 மீட்டர், 0.1 மட்டுமே உள்ள பனிக்கட்டிப் பரப்பில் 140 மீட்டரைத் தாண்டும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை மாற்றும் நேரத்தில் ஓடும் தூரம் இவற்றில் சேரவில்லை. ஸ்நோ மோடில் வண்டி வழுக்காமல் புறப்பட்டுவிடுவதால், சாலை நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணம் எழுகிறது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது. தேய்ந்த டயரும் குறைந்த காற்றழுத்தமும் சேர்ந்துவிட்டால், தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும். அந்த நிலையில் எந்த மோடு இருந்தாலும் ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாது.

மோடை எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். வழுக்கிய பிறகு கண்களும் கையும் திரையில் பொத்தானைத் தேடக் கூடாது. மழை தொடங்கும்போதே, நேர்ப் பாதையில், சீரான வேகத்தில் மாற்றிவிட வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நிமிடங்கள், எண்ணெயும் தூசியும் நீரோடு கலப்பதால், அடைமழையைவிட மோசமாக வழுக்கக்கூடும். போர்ஷே நிறுவனம் 2018 இறுதியில் அறிமுகப்படுத்திய 911 காரில், சக்கர வளைவுகளில் உள்ள ஒலி உணரிகள் நீர் தெறிக்கும் சத்தத்தைக் கொண்டு சாலையின் ஈரத்தைக் கண்டுபிடிக்கின்றன. அத்தனை நுட்பம் இருந்தும் வண்டி எச்சரிக்கை மட்டுமே தருகிறது. வெட் மோடுக்கு மாற்றுவது ஓட்டுநரின் பொறுப்பு.

மின்சார வண்டி ஓட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், பல வண்டிகளில் மோட்டார் பொருத்தப்பட்ட அச்சில் மட்டுமே செயல்படுகிறது. அது பின் அச்சாக இருந்தால், வழுக்கும் வளைவில் சட்டென்று காலை எடுப்பது ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்கு ஒப்பாகிவிடக்கூடும். கட்டுப்பாட்டு மென்பொருள் இதைப் பெருமளவு சமாளிக்கிறது என்றாலும், ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்கின் அளவைக் குறைத்துவைப்பதே நல்லது.

முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத பழைய பாணி நான்கு சக்கர இயக்க வண்டிகளை, ஈரப் பகுதி முடிந்து உலர்ந்த தார்ச்சாலை வந்ததும் இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும்; இல்லையெனில் வளைவுகளில் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, பற்சக்கரப் பெட்டி பழுதாகும். இதற்கு மாறாக, பல புதிய வண்டிகள் இன்ஜினை அணைத்ததும் தாமாகவே நார்மல் மோடுக்குத் திரும்பிவிடுகின்றன. மழைப் பயணத்தின் நடுவே வண்டியை நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பும்போது, டேஷ்போர்டில் எந்த மோடு ஒளிர்கிறது என்று பார்த்துவிட்டே நகர வேண்டும்.