ஆயிரம் அடி போரில் எத்தனை குடம்?

மழை தவறிய வருடங்களில், பங்குனி பிறந்ததுமே சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கம், போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு வண்டிகளின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். 2017 கோடையில் எங்கள் மாமாவின் பாக்குத் தோப்பில் ராத்திரி முழுக்க ஓட்டினார்கள். முதல் எண்பது அடி மண்ணும் மக்கிய கல்லும். அப்புறம் அரிசி மாவு மாதிரி வெள்ளைப் புழுதிதான். 620 அடியில் புழுதி ஈரமானது, கொஞ்சம் தண்ணீர் தெறித்தது. "ஒரு இஞ்சு தண்ணி இருக்குங்க, இன்னும் போனா கூடும்" என்றார் வண்டிக்காரர். 980 அடி வரை போனார்கள். கூடவில்லை. பதினைந்து நாள் ஓடிய மோட்டார், ஒரு காலையில் விட்டு விட்டு இறைத்து, பிறகு நின்றே போனது.

அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்திருந்தது. அதனால் நஷ்டம் மாமாவுக்கு மட்டும் வரவில்லை. ஆனாலும் "ஆயிரம் அடி போட்டும் தண்ணி இல்லையே" என்று அவர் புலம்பியதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

போர் போடும் துளையின் அகலம் பொதுவாக ஆறரை அங்குலம். அந்தத் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 300 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் 1,950 லிட்டர்தான். பதினைந்து லிட்டர் குடத்தில் 130 குடம். அதே தோப்பில் தாத்தா வெட்டிய கிணறு முப்பதுக்கு முப்பது அடி. அதில் ஓரடித் தண்ணீர் கிடந்தாலே 25,000 லிட்டருக்கு மேல். இளநீரில் செருகும் குழலை நீளமாக்கினால் இளநீர் கூடாது, போரும் அப்படித்தான். எவ்வளவு ஆழம் என்பதைவிட, சுற்றியுள்ள பாறை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறது என்பதுதான் முக்கியம். ஊரில் இதற்கு 'ஊறுவது' என்று ஒரே வார்த்தை.

சேலத்தின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை, சமவெளியில் நைஸ் என்ற வரி வரியான பாறை அதிகம். ஆற்று மணலைப் போல இவை உடம்பு முழுக்க நீரை வைத்துக்கொள்வதில்லை. மேலே வெயிலும் மழையும் சேர்ந்து மக்க வைத்த அடுக்கில் கொஞ்சம், அதற்குக் கீழே விரிசல்களில் கொஞ்சம். ஆழம் போகப் போக மேலிருக்கும் பாரம் அழுத்துவதால் விரிசல்கள் குறைந்துகொண்டே வரும். 600 அடியில் நல்ல விரிசல் கிடைப்பதும் உண்டு, ஆனால் அது லாட்டரி. பக்கத்துக் காட்டில் இரண்டு இஞ்சு பீய்ச்ச, இருபதடி தள்ளி நம் துளையில் புழுதி மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவரையும் திட்ட வேண்டாம், புகழவும் வேண்டாம்.

மக்கிய அடுக்கிலும், நூறு பங்கு பாறைக்கு ஒன்று முதல் மூன்று பங்கு நீர்தான் வெளியே வரும். இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நூறு மில்லிமீட்டர் மழை பெய்து அதில் பத்து மில்லிமீட்டர் உள்ளே இறங்கினால், நீர்மட்டம் அரை மீட்டர் ஏறிவிடும். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இறைக்கும்போதும் அதே கணக்குதான். ஓர் ஏக்கருக்கு அடியில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 80,000 லிட்டர் சொச்சம். இங்கே ஒரு நல்ல ஐப்பசியில் கிணறு நிறைவதும், ஒரே கோடையில் தரை தெரிவதும் இதனால்தான். இரண்டு வருட மழையைச் சேமித்து வைக்க அடியில் இடமே இல்லை.

இனி ஊராட்சியின் குடிநீர் போருக்கு வருவோம். மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வரும் ஊர்களிலும் குழாய் வறண்டால் இந்த போர்தான் கதி. ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். ஆயிரம் பேர் என்றால் 55,000. நல்ல காலத்தில் நிமிடத்துக்கு நூறு லிட்டர் ஊறும் போர், ஒன்பது மணி நேரச் சொச்சத்தில் இதைக் கொடுத்துவிடும். வறட்சியில் ஊற்று இருபது லிட்டராகச் சுருங்கியது என்று வையுங்கள். மோட்டார் மட்டும் பழைய நூறிலேயே இழுக்கும். துளையில் நிற்கும் நீர் அரை மணியில் தீர்ந்து காற்று வரும். நீர்மூழ்கி மோட்டார் சூடு தணிவது தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் முதலில் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேயும், அப்புறம் உள்ளே சுற்றிய கம்பிச் சுருள் கருகும். கழற்றி, ஏற்றி, கட்டி, இறக்கி ஒரு வாரம் ஊரே லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க மோட்டாரின் இழுவையை ஊற்றின் வேகத்துக்குக் குறைக்க வேண்டும். கேட் வால்வைப் பாதி திருகி ஓட்டத்தைக் குறைக்கலாம், அல்லது டைமர் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி நாற்பது நிமிடம் ஊற விடலாம். அப்படி ராப்பகலாக எடுத்தால் அந்த இருபது லிட்டர் ஊற்றே நாளைக்கு 28,800 லிட்டர் தரும். ஆளுக்கு 28 லிட்டர் சொச்சம்; குடிக்க, சமைக்கப் போதும், துவைக்கப் போதாது.

ஊற்றின் வேகத்தை அளக்க இயந்திரம் தேவையில்லை. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு, இரண்டு இழை ஒயரின் நுனியை உரித்து, தனியாகச் செருகிய சின்ன பிவிசி குழாய் வழியே இறக்குங்கள். மறுமுனையில் மல்டிமீட்டர். நுனி நீரைத் தொட்டதும் முள் அசையும். மோட்டாரை நிறுத்தியதும் ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை. முப்பது அடி ஏறியிருந்தால் 195 லிட்டர் ஊறியிருக்கிறது, நிமிடத்துக்கு இருபதுக்குக் கொஞ்சம் கீழே. மட்டம் மேலே ஏற ஏற இந்த வேகம் குறையும் என்பதால் முதல் பத்து நிமிடத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இதில் ஒரு வில்லங்கம், தோட்டத்து மும்முனை மின்சாரம். அது வந்த நிமிடத்தில் சுற்றியுள்ள பாக்குக்கும் மரவள்ளிக்கும் எல்லா மோட்டாரும் சேர்ந்து ஓடும். ஒரே விரிசலில் இருக்கும் ஊராட்சி போரின் மட்டம் கண்ணெதிரே இறங்கும். அந்த நேரத்தை விட்டுவிட்டு ஓட்டுவது நல்லது. சண்டை போடுவதைவிட அது சுலபமும்கூட.

ஆழத்துத் தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. பாறையோடு நெடுநாள் கிடந்ததால் அதிலுள்ள ஃபுளோரைடை வாங்கிக்கொண்டு வரும். சேலம், தர்மபுரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கோடு விழுந்தவர்களை எல்லோருமே பார்த்திருப்போம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாவதால் அடர்த்தி கூடவே செய்யும். வறட்சியில் புதிதாக ஆழம் போன போரைக் குழாயில் இணைக்கும் முன் பரிசோதிப்பதும், முடிந்தால் காவிரித் தண்ணீரோடு கலந்து விடுவதும் இதற்காகத்தான்.

மலைமேல் கதை வேறு. ஏற்காட்டுக் கிராமங்களில் மக்கிய பாறைக்குள் இறங்கிய மழை, கீழே கெட்டிக் கல்லில் முட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் ஊற்றாக வெளியே வருகிறது. கோடையில் அது விரல் தடிமனுக்குச் சுருங்கும். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் என்றாலும் நாளைக்கு 4,320 லிட்டர். அதில் பாதி, ஊர் தூங்கும்போது ஓடையில் போய்விடுகிறது. இரவு நீரைப் பிடிக்க ஒரு மூடிய தொட்டி கட்டினால் போதும், பம்பும் வேண்டாம். 'ஊற்றுக் கண்ணை அகலப்படுத்தலாம்' என்று கடப்பாரையை எடுப்பவர்களைத்தான் தடுக்க வேண்டும். அடியில் தாங்கி நிற்கும் கல் உடைந்தால் ஊற்று வேறு பக்கம் இறங்கிவிடும்.

மாமா அந்த 980 அடி துளைக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டார். தாத்தா கிணற்றைத் தூர் வாரினார். தோப்பில் ஓடும் மழைநீரை, வண்டல் தங்க ஒரு குழி வெட்டி அதன் வழியாகக் கிணற்றுக்குள் திருப்பியிருக்கிறார். மோட்டார் அறைச் சுவரில் சாக்பீஸால் தேதியும் அடியும் எழுதி வைக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. போன தடவை போனபோது கேட்டேன். "பதினெட்டு அடி இறங்கியிருக்கு, மாப்ள. மரவள்ளி ரெண்டு ஏக்கர் போடலாம்னு இருந்தேன், ஒண்ணோட நிறுத்திட்டேன்" என்றார்.