கவுண்டிக்குத் தமிழ் மாவட்டம் அல்ல, கூற்றம்

"64 பேர் மட்டுமே வாழும் மாவட்டம்." அமெரிக்க மாநிலங்களின் உள்ளாட்சிப் பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் லவிங் கவுண்டியைப் பற்றிய தமிழ்க் காணொளிகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. போன வாரம் கேட்டதில், அந்த ஊர் "மாவட்ட நீதிபதி" சாலை போட நிதி ஒதுக்குகிறார் என்றும் சொன்னார்கள். நீதிபதி ஏன் சாலை போடுகிறார் என்று எழுதியவரும் கேட்டுப் பார்க்கவில்லை, படித்தவரும் நின்று யோசிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேர். லத்தீனில் கோமெஸ் என்றால் உடன் செல்பவன், அரசனின் துணைவன். அவனுடைய ஆட்சிப் பகுதியைக் குறிக்க பிரெஞ்சு வழியாக உருவான கவுண்டி என்ற சொல், நார்மானியர் கையோடு இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே ஷையர் என்ற பிரிவு இருந்தது. அதன் அதிகாரி ஷையர் ரீவ்தான் இன்றைய ஷெரீஃப், அதாவது கவுண்டியின் காவல் தலைவர். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கவுண்டி, ஷெரீஃப் என்ற இரண்டு சொற்களையும் கொண்டுபோனார்கள். வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது மாவட்டம். ஜில்லா என்ற அரபுச் சொல்லை விலக்க நாம் ஆக்கிக்கொண்ட நல்ல சொல் அது. தாலுகா வட்டம் என்றால், வட்டங்கள் பல சேர்ந்த பெரிய வட்டம் மாவட்டம். அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைக் காதில் வாங்கியதும் நம் மனத்தில் என்ன வருகிறது? அரசு நியமித்து அனுப்பும் ஆட்சியர், அவருக்குக் கீழே கோட்டாட்சியர், வட்டாட்சியர், பல லட்சம் மக்கள். லவிங் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். நம் பெரம்பலூர் மாவட்டமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள் குறைந்த மாவட்டம் பெரம்பலூர். அங்கேயே ஐந்தரை லட்சத்துக்கு மேல். லவிங்கில் 2020 கணக்கெடுப்பின்படி 64. ஓர் ஆளுக்கு 27 சதுர கிலோமீட்டர் நிலம்!

சரி, ஆள் குறைவு என்பதற்காக மாவட்டம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். அதற்காக மட்டும் இல்லை. அந்த இடத்தின் வரலாற்றைப் பாருங்கள். மாடு ஓட்டி வணிகம் செய்த ஆலிவர் லவிங் என்பவரின் பெயரில் 1887-இல் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கவுண்டியை வரைந்தது. 1893-இல் ஆட்சி அமைந்தது. 1897-இல் அது கலைந்து, பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியோடு ஒட்டப்பட்டது. எண்ணெய் கிடைத்த பிறகு 1931-இல் மறுபடி அமைந்தது. அங்கே குடியிருப்பவர்கள் தாங்களே ஆளெடுத்து நடத்தும் ஆட்சி அது. ஷெரீஃபும் தேர்தலில் நின்று வருகிறவர்தான். டெக்சாசில் தேர்தலில் வென்று ஷெரீஃப் ஆன முதல் பெண் 1940-களில் இந்த லவிங்கில்தான் பதவி வகித்தார்.

அப்புறம் அந்த "மாவட்ட நீதிபதி". டெக்சாசில் கவுண்டி ஜட்ஜ் என்பவர் நான்கு ஆணையர்களோடு உட்கார்ந்து வரவு செலவு, சாலை, கட்டடம் எல்லாம் பார்க்கிற நிர்வாகத் தலைவர். பெயரில் ஜட்ஜ் என்று இருந்தாலும் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதே டெக்சாசில் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் என்று வேறொருவர் இருக்கிறார். அவர்தான் உண்மையான மாவட்ட நீதிபதி. லவிங், ரீவ்ஸ், வார்டு ஆகிய மூன்று கவுண்டிகளுக்கும் சேர்த்து ஒரே டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றம். கவுண்டியையும் மாவட்டம் என்றால் மூன்று மாவட்டங்களுக்கு ஒரு மாவட்ட நீதிமன்றம் என்று எழுத வேண்டிவரும். லவிங் பிள்ளைகள் படிக்கும் பள்ளி பக்கத்து விங்க்லர் கவுண்டியில் இருக்கிறது. அது ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். நாடாளுமன்றத் தொகுதியும் அங்கே டிஸ்ட்ரிக்ட்தான். இத்தனை டிஸ்ட்ரிக்டுகள் இருக்கும் நாட்டில், டிஸ்ட்ரிக்ட் என்று பெயரில்லாத ஒன்றை மட்டும் தேடிப்பிடித்து மாவட்டம் என்கிறோம். பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிற பழக்கத்தால் வருகிற வினை இது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் கோட்டம் என்கிறார்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களை நினைத்துச் சொல்கிறார்கள். புழல் கோட்டம், புலியூர்க் கோட்டம் என்று சொல்லவே அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம். உயிரோடு ஒரு வேலையில் இருக்கும் சொல்லை இழுத்து இன்னொரு வேலை கொடுத்தால் இரண்டும் கெடும். சீமை பொருளில் நெருங்கி வருகிறது, சிவகங்கைச் சீமை போல. ஆனால் அது வடசொல், போதாததற்கு வெளிநாடு என்ற பொருள் அதில் ஏறிவிட்டது. லவிங் எங்கும் முளைத்துக் கிடக்கும் மெஸ்கீட் மரத்தின் உறவுக்காரனைத்தான் நாம் சீமைக் கருவேலம் என்கிறோம்.

நான் சொல்வது கூற்றம். கூறு என்றால் பகுதி. மாநிலத்தின் ஒரு கூறுதானே கவுண்டி? கூற்றம் என்றால் எமன் ஆயிற்றே என்று உடனே கேட்பார்கள். ஆறு பேர் ஆற்றைக் கடந்தார்கள் என்றால் யாராவது குழம்புகிறோமா? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராசராசன் பொறித்திருப்பதைப் படியுங்கள்: பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர். தான் எடுப்பித்த கற்றளிக்கு அவன் எழுதிவைத்த முகவரி அது. வளநாடு, அதற்குள் கூற்றம், அதற்குள் ஊர். மாநிலம், கவுண்டி, ஊர் என்ற அமெரிக்க அடுக்கும் இதே வரிசைதான். இன்று இந்தச் சொல் எந்த அலுவலகப் பலகையிலும் இல்லை, சும்மா இருக்கிறது.

இன்னும் ஒன்று. கவுண்டியின் தலைமையிடமான மென்டோனை "மாவட்டத் தலைநகரம்" என்கிறார்கள். 1930-களில் கட்டிய ஒரு நீதிமன்றக் கட்டடமும் இருபது சொச்சம் பேரும் இருக்கிற இடம் நகரமா? தலைமையூர் என்றால் போதும். "கிராமப்புற மாவட்டம்" என்பதும் அப்படித்தான். அங்கே கிராமங்களே இல்லை. மேற்கு எல்லையில் பெகோஸ் ஆறு, நடுவில் எண்ணெய்க் கிணறுகள், மற்றதெல்லாம் வறண்ட வெளி.

அந்தக் காணொளிக்கு நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: டெக்சாஸ் மாநிலத்தின் 254 கூற்றங்களில் ஆள் நெருக்கம் மிகக் குறைந்தது லவிங் கூற்றம், தலைமையூர் மென்டோன், சாலைக்கு நிதி ஒதுக்குகிறவர் கூற்றத் தலைவர்.